வேதியியல் கேள்வி – பதில்: கருமணலும் கட்டிலா ஆற்றலும்

கேள்வி: பிளஸ் டூ திருப்புதல் தேர்வு நெருங்குகிறது. இயற் வேதியியல் கணக்குகளை ஓரளவு போட்டுவிடுகிறேன். ஆனால் கனிம வேதியியலில் உலோகவியல், இடைநிலைத் தனிமங்கள் ஆகிய பாடங்கள் எத்தனை முறை படித்தாலும் மறந்துபோகின்றன. எப்படித் திருப்புவது?
– மாணவி, களியக்காவிளை

பதில்: இரண்டையும் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பதால்தான் இந்த மறதி வருகிறது. கனிம வேதியியல் 'இப்படி நடக்கும்' என்று சொல்லும் வரிகளில் பெரும்பாலானவற்றுக்கு, 'ஏன்' என்ற விடை நீங்கள் ஏற்கெனவே போட்டுப் பழகிய கணக்குகளில் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு அருகிலிருந்தே தொடங்குங்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கொல்லம் மாவட்டத்துச் சவறாவிலும் கிடைக்கும் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் ஆகிய கனிமங்கள் இருக்கின்றன. சவறாவில் இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு, எஞ்சும் டைட்டானியம் டைஆக்சைடைக் கார்பனுடன் சேர்த்துச் சூடாக்கிக் குளோரினைச் செலுத்துகிறார்கள். குளோரின் மட்டும் போதாதா என்று கேட்டுக்கொண்டு, ஒரு வினை தானாக நிகழுமா என்பதைக் காட்டும் கட்டிலா ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1000 டிகிரி செல்சியஸில்கூட, ஆக்சைடும் குளோரினும் மட்டும் வினைபுரிந்து டெட்ராகுளோரைடும் ஆக்சிஜனும் தருவதற்கான கட்டிலா ஆற்றல் மாற்றம், மோலுக்கு ஏறத்தாழ 100 கிலோஜூல் என்று நேர்க்குறியோடு நிற்கிறது. ஆகவே அவ்வினை தானாக நிகழாது. அங்கே கார்பன் இருந்தால், வெளிவரும் ஆக்சிஜனோடு சேர்ந்து இரண்டு மோல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதன் பங்கு ஏறத்தாழ 440 கிலோஜூல் எதிர்க்குறி. இரண்டையும் கூட்டினால் மொத்தம் எதிர்க்குறியாகிவிடுகிறது. ஆக்சைடு உருவாகும்போது ஏற்படும் கட்டிலா ஆற்றல் மாற்றத்தை வெப்பநிலைக்கு எதிராகக் காட்டும் எலிங்கம் வரைபடத்தில் கார்பன் மோனாக்சைடின் கோடு மட்டும் கீழ்நோக்கிச் சரிவதன் காரணமும் இங்கேயே விளங்கும்: ஒரு மோல் வாயு நுழைந்து இரண்டு மோல் வாயு வெளிவருவதால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, கூடுகிறது. கார்பனைக் கொண்டே நேரடியாக டைட்டானியத்தைப் பிரிக்க முயன்றாலோ கார்பைடுதான் மிஞ்சும். அதனால்தான் டெட்ராகுளோரைடை மெக்னீசியத்தால் ஒடுக்குகிறார்கள்.

அதே மணலிலுள்ள சிர்கானைப் பாருங்கள். அதில் சிர்கோனியத்தோடு எப்போதும் ஹாஃப்னியம் கலந்திருக்கும். லாந்தனைடு வரிசையில் அணுக்களின் அளவு படிப்படியாகச் சுருங்கும் லாந்தனைடு குறுக்கத்தால் இவ்விரண்டின் அணு ஆரங்கள் 160, 159 பிக்கோமீட்டர் என்று ஏறக்குறைய சமமாகிவிட்டன. படிகத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதில் அமர்ந்துகொள்கிறது. வேதிமுறையில் பிரிப்பதும் கடினம். ஆனாலும் சிர்கோனியத்தை அணு உலையில் பயன்படுத்தப் பிரித்தே ஆகவேண்டும், ஏனெனில் ஹாஃப்னியம் நியூட்ரான்களை மிகுதியாக உட்கவரும். சிர்கோனியமோ மிகக் குறைவாகவே கவரும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்தினால், லாந்தனைடு குறுக்கத்தின் விளைவுகளை வரிசையாக மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி: சீரியத்தின் +4 நிலையிலிருந்து +3 நிலைக்கான திட்ட மின்னழுத்தம் +1.74 வோல்ட் என்று படித்தேன். நீரை ஆக்சிஜனேற்றம் செய்ய 1.23 வோல்ட் போதுமே. அப்படியானால் ஆய்வகத்தில் +4 சீரியத்தின் கரைசல் எப்படிக் கெடாமல் இருக்கிறது?
– மாணவர், செங்கோட்டை

பதில்: மிக நல்ல கேள்வி. மின்னழுத்தம் ஒரு வினை நிகழ இயலுமா என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு விரைவில் நிகழும் என்பதை, வினை நிகழத் தாண்டவேண்டிய தடையான கிளர்வு ஆற்றல்தான் தீர்மானிக்கிறது. +4 சீரியம் நீரோடு வினைபுரியும் வேகம் மிகக் குறைவாக இருப்பதால், வேறொரு கரைசலின் செறிவை அளந்தறியும் தரம்பார்த்தலுக்கு அக்கரைசலை நம்பிப் பயன்படுத்துகிறோம். அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட்டின் மதிப்பும் +1.51 வோல்ட்தான், அதுவும் இதே காரணத்தால்தான் தாக்குப்பிடிக்கிறது. ஆய்வகத்தில் பழைய பெர்மாங்கனேட் புட்டியின் உட்சுவரைக் கவனியுங்கள், பழுப்புப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். அது மாங்கனீசு டைஆக்சைடு. மேற்கொண்டு நடக்கும் சிதைவுக்கு அதுவே வினையூக்கி. அதனால்தான் புதிதாகத் தயாரித்த கரைசலை வடிகட்டி, நிறமேற்றிய புட்டியில் ஊற்றி, வெளிச்சம் படாமல் வைக்கச் சொல்கிறார்கள்.

கேள்வி: அம்மோனியா உருவாவது வெப்பம் உமிழும் வினை. குளிர்வித்தால்தான் விளைச்சல் கூடும் என்கிறது லீ சாட்லியர் தத்துவம். பிறகு ஏன் தொழிற்சாலையில் 700 கெல்வின்?
– ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை

பதில்: அறை வெப்பநிலையில் சமநிலை சாதகமாக இருந்தாலும், அதை எட்டும் வேகம் அறவே இல்லை. வேகத்துக்காக வெப்பத்தையும் இரும்பு வினையூக்கியையும் ஏற்றுக்கொண்டு, அதனால் குறையும் விளைச்சலை ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தால் ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். வினையூக்கி சமநிலை மாறிலியை மாற்றுவதில்லை என்பதை உங்கள் பிள்ளையிடம் அழுத்திச் சொல்லுங்கள். பிறகு ஒரு கணக்கும் கொடுங்கள்: என்தால்பி மாற்றம் −92 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு −198 ஜூல் எனில், எந்த வெப்பநிலையில் கட்டிலா ஆற்றல் மாற்றம் சுழியாகும்? ஜூலைக் கிலோஜூலாக மாற்ற மறக்காமல், என்தால்பி மாற்றத்தை என்ட்ரோபி மாற்றத்தால் வகுத்தால், விடை ஏறத்தாழ 465 கெல்வின் வரும்.