வாத்தியாரைக் கேளுங்கள்: மரக்குதிரையும் புதையல் பேயும்

போர்க் கைதிகள் எக்சர்சைஸ் செய்வதுபோல் நடித்து, காவலர்களின் கண்ணெதிரிலேயே சுரங்கம் தோண்டித் தப்பினார்கள் என்று என் தாத்தா சொல்வார். நடக்கிற காரியமா, வாத்தியார் சார்?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

நடந்த காரியம். பி.டி. வாத்தியாராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இதைவிடப் பிடித்த கதை கிடையாது.

இரண்டாம் உலகப் போரில், சாகான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மானியர்கள் விமானப்படைக் கைதிகளுக்கென்றே ஒரு முகாம் வைத்திருந்தார்கள். ஸ்டாலாக் லுஃப்ட் மூன்று என்று பெயர். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. சுரங்கம் தோண்ட முடியாதபடி யோசித்துத்தான் முகாமைக் கட்டியிருந்தார்கள். குடிசைகளைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டியதால், காவலர்கள் குனிந்தாலே அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். குடிசைக்கும் முள்வேலிக்கும் நடுவே நீண்ட வெட்டவெளி. மண்ணுக்குள் மைக்ரோஃபோன் புதைத்திருந்தார்கள். இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை மண்ணின் நிறம். மேலே சாம்பல் நிறப் புழுதி, கொஞ்சம் தோண்டினால் பளிச்சென்று மஞ்சள் மணல். ஒரு பிடி மஞ்சள் மணல் வெளியே கிடந்தாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சுரங்கத்தைக் குடிசையிலிருந்து ஏன் தொடங்க வேண்டும், வேலிக்குப் பக்கத்தில் வெட்டவெளியிலேயே தொடங்கினால் என்ன என்று எரிக் வில்லியம்ஸ், மைக்கேல் காட்னர் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் யோசித்தார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய ஒட்டுப்பலகைப் பெட்டிகளைப் பிரித்து, நம் பள்ளிகளில் ஓடி வந்து தாண்டும் மரக்குதிரை, வால்ட்டிங் பாக்ஸ் என்போமே, அதுபோல ஒன்றைச் செய்தார்கள். உள்ளே காலி. 1943 ஜூலையிலிருந்து தினமும் அதைக் கழிகளில் தூக்கி வந்து மைதானத்தில் ஒரே இடத்தில் வைப்பார்கள். உள்ளே ஆள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். வெளியே மற்றவர்கள் வரிசையாக ஓடி வந்து தாண்டுவார்கள். உள்ளே இருப்பவர் புழுதியை விலக்கி, மூடியைத் திறந்து, இறங்கித் தோண்டுவார். முடிந்ததும் மூடி, மேலே அதே சாம்பல் புழுதியைப் பரப்பிவிட்டுப் பெட்டிக்குள் ஏறிக்கொள்வார். மணல் மூட்டைகளும் அவரோடு தொங்கிக்கொண்டே குடிசைக்குப் போகும். பழைய கால்சட்டைகளின் கால் பகுதியை வெட்டித் தைத்த பைகள் அவை. தாண்டிக் குதிக்கிறவர்களின் தொம் தொம் சத்தத்தில் மைக்ரோஃபோனுக்குத் தோண்டும் சத்தம் தனியாகக் கேட்கவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆரம்ப நாட்களில் அவர்கள் செய்த வேலைதான். பெட்டிக்குள் ஆளே வைக்காமல் கொண்டுவந்து, ஒருவர் தாண்டத் தெரியாதவர்போல் மோதி அதைக் கவிழ்த்துவிட்டார். கவிழ்ந்த பெட்டி காலியாக இருப்பதைக் கோபுரத்துக் காவலர்கள் நன்றாகப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பெட்டியைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை.

தாண்டியவர்களை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை; எனக்கு அவர்கள்தான் முக்கியம். வயிறாரச் சாப்பிட்ட பையன்களையே ஒரு பீரியட் முழுக்கத் தாண்ட வைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். மணிக்கட்டு வலிக்கும், முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஒருவன் ஓரத்தில் போய் உட்கார்ந்தால் பின்னாலேயே நாலு பேர் உட்காருவார்கள். அங்கே அரைவயிற்று ரேஷனில், மாதக்கணக்கில், தாங்கள் வெளியே போகப்போவதில்லை என்று தெரிந்தும் தாண்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒழுங்கை நினைத்தால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

அக்டோபர் 29 மாலை வில்லியம்ஸ், காட்னர், பின்னால் சேர்ந்துகொண்ட ஆலிவர் ஃபில்பாட் மூவரும் வெளியேறினார்கள். ஃபில்பாட், நார்வே நாட்டு மார்ஜரின் (செயற்கை வெண்ணெய்) வியாபாரி என்று சொல்லிக்கொண்டு டான்ஸிக் துறைமுகத்துக்கு ரயிலேறினார். மற்ற இருவரும் பிரெஞ்சுத் தொழிலாளர்களாகக் கிளம்பினார்கள். மூவருமே ஸ்வீடன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பிடிபட்டால் என்ன செய்வார்கள்? சுட்டுவிட மாட்டார்களா?
(திண்டுக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

1929 ஜெனீவா ஒப்பந்தப்படி சுடக் கூடாது, அம்மா. தப்ப முயன்று பிடிபட்ட போர்க் கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கைதான், அதிகபட்சம் 30 நாள் காவல். மேற்கத்திய அதிகாரிகள் அடைபட்ட முகாம்களில் ஜெர்மன் ராணுவம் பெரும்பாலும் இதை மதித்தது. தைரியமாக விளையாடிப் பார்க்க அவர்களுக்கு இடம் கிடைத்ததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அதே சாகான் முகாமில், 1944 மார்ச் 24 இரவு, வேறொரு சுரங்கம் வழியாக 76 பேர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். அதில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவுப்படி சுட்டுக் கொன்றார்கள். ஜெர்மானியர்களிடம் சிக்கிய சோவியத் கைதிகளுக்கோ எந்த ஒப்பந்தப் பாதுகாப்பும் தரப்படவில்லை. லட்சக்கணக்கில் பட்டினியாலும் குளிராலும் செத்தார்கள். இந்தக் கதைகளைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பேயைக் காட்டிச் சிறை அதிகாரியை ஏமாற்றிய இரண்டு கைதிகளைப் பற்றி ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னீர்கள். முழுக்கதையையும் எழுதுங்களேன்.
(நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்)

இது முதல் உலகப் போர்க் கதை. 1916 ஏப்ரலில், இராக்கின் குட் நகரில் முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் இந்திய ராணுவம் துருக்கியரிடம் சரணடைந்தது. சாதாரண சிப்பாய்களைப் பாலைவனத்தில் நடத்தியே கொண்டுபோனார்கள். அதிலும் பிறகு வந்த உழைப்பு முகாம்களிலும் பிரிட்டிஷ்காரர், இந்தியர் என்று ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதிகாரிகளின் நிலைமை வேறு. அவர்களில் ஒரு பகுதியினரைக் கடலிலிருந்து வெகுதூரத்தில் இருந்த யோஸ்காட் என்ற மலையூரில் அடைத்தார்கள்.

அங்கே இருந்தவர்களில் ஒருவர் இ. ஹெச். ஜோன்ஸ். வேல்ஸ்காரர், போருக்கு முன் பர்மாவில் அரசு அதிகாரியாக இருந்தவர். ஊரிலிருந்து சித்தி போட்ட ஒரு தபால் அட்டையில் ஆவியோடு பேசும் பலகையைப் பற்றிய பேச்சு வந்தது. பொழுது போகட்டுமே என்று நண்பர்கள் சேர்ந்து பலகை செய்தார்கள். வட்டமாக எழுத்துகள், நடுவில் கவிழ்த்த கண்ணாடி டம்ளர், அதன்மேல் எல்லோருடைய விரலும். பல இரவுகள் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் சலித்துப்போன நேரத்தில் ஜோன்ஸ் விளையாட்டாக டம்ளரை நகர்த்திவிட்டார். அப்புறம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் கூட இருந்தவர்கள் நம்பிவிட்டார்கள். கண்ணைக் கட்டினார்கள், பலகையைச் சுழற்றிவிட்டார்கள். பலகை விளிம்பில் இருந்த ஒரு சின்ன அடையாளத்தை விரலால் தடவியே எந்த எழுத்து எங்கே என்று அவர் கண்டுகொள்வார். அந்தப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் செலவழித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

முகாமின் மொழிபெயர்ப்பாளருக்கும் பேயிடம் குறி கேட்க ஆசை வந்தது. தப்பிக்க இது வழியாகலாம் என்று ஜோன்ஸுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. துணைக்கு செட்ரிக் ஹில்லைச் சேர்த்துக்கொண்டார். ஆஸ்திரேலிய விமானி, கைவித்தை தெரிந்தவர். மொழிபெயர்ப்பாளர் வழியாக, முகாமின் தலைவரான கமாண்டன்ட் காசிமின் காதுக்குச் செய்தி போனது: செத்துப்போன ஒரு அர்மேனியச் செல்வந்தரின் புதையல் இந்த ஊரில்தான் எங்கோ இருக்கிறது, ஆவி வழி காட்டும்.

அந்த வட்டாரத்தில் அர்மேனியர்கள் கொன்று குவிக்கப்பட்டு அப்போது நெடுநாள் ஆகவில்லை. அவர்களுடைய சொத்தின் மேல் பலருக்கும் கண் இருந்தது. கமாண்டன்ட் உடனே நம்பியதில் ஆச்சரியமே இல்லை. நம் ஊர்ப் பக்கம் நள்ளிரவில் பூஜை போட்டுப் புதையல் தோண்டுகிறவர்களைப் பாருங்கள், சாமியார் சொல்வதை அவர்கள் சோதிப்பதே இல்லை; புதையலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை போடுவார்கள்.

அதற்கப்புறம் பேய் வைத்ததுதான் சட்டம். இந்த இருவரையும் மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனி வீட்டில் வைக்க வேண்டும் என்றது பேய். அதற்கு ஒரு குற்றம் வேண்டுமே? மனத்தாலேயே வெளியூருக்குச் செய்தி அனுப்பினார்கள் என்று கமாண்டன்ட் இருவர்மேலும் குற்றம் சாட்டி விசாரணை நடத்தித் தண்டித்தார். தாங்கள் தப்பினால் மற்ற கைதிகளுக்குத் தண்டனை வரும் என்பதால், தப்பிக்கும் வேலையில் கமாண்டன்டையே பங்காளி ஆக்க வேண்டியிருந்தது. முன்கூட்டியே புதைத்து வைத்த தகர டப்பாவை ஆவியின் சொல்படி தோண்டி எடுத்தார்கள். உள்ளே துப்புச் சீட்டும் தங்கக் காசும். கமாண்டன்டும் ஆட்களும் தோண்டுவதை ஹில் மறைத்து வைத்திருந்த கேமராவில் படமெடுத்துவிட்டார். பின்னால் அவர் மிரட்டினால் காட்டுவதற்கான சாட்சி அது.

புதையலைச் சாக்கிட்டுக் கமாண்டன்டோடு கடற்கரைக்கே போய்விடும் திட்டம் கைகூடவில்லை. அடுத்தது பைத்திய வேஷம். இதை வேஷம் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு பட்டிருக்கிறார்கள். பட்டினி கிடந்து உடம்பை உருக்கினார்கள். ஹில் ராப்பகலாக பைபிளை வைத்துக்கொண்டு அழுதார். ஜோன்ஸ், ஆங்கிலேயர்கள் தன்னைக் கொல்ல வருகிறார்கள், தான் துருக்கியனாகப் போகிறேன் என்றார். கான்ஸ்டான்டிநோபிள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், டாக்டர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக இருவரும் தூக்கில் தொங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் ஓடி வந்து அறுத்து இறக்கினார். கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில், பக்கத்துக் கட்டிலில் இருந்த நண்பனிடம்கூட நண்பனாகப் பேச முடியாமல் நடித்தார்கள். மனநோய் டாக்டர்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. 1918 அக்டோபரில் நோயாளிக் கைதிகளாக விடுதலை ஆனார்கள். அதே மாதம் 30-ஆம் தேதி துருக்கியோடு போர் நின்றது. இத்தனை பாட்டுக்கும் மற்றவர்களைவிடக் கொஞ்ச நாள்தான் முந்தினார்கள்.

ஜோன்ஸ் பின்னர் இதைப் புத்தகமாக எழுதினார். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஆயிரக்கணக்கான வீடுகளில் அப்போது ஆவியோடு பேசுவதாகச் சொல்லிக் காசு பறித்துக்கொண்டிருந்தார்கள். படித்தவர்களைக்கூட எப்படி நம்ப வைக்க முடிகிறது என்பதை, அதைச் செய்து பார்த்தவராகவே அவர் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

சிறைக்குள்ளேயே விமானம் கட்டினார்களாமே?
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

ஆமாம், என்ஜின் இல்லாத கிளைடர். ஜெர்மனியில் கோல்டிட்ஸ் கோட்டை, தப்பி ஓடிப் பழக்கப்பட்ட அதிகாரிகளை அடைக்கும் இடம். அத்தனை கெட்டிக்காரர்களை ஒரே இடத்தில் சேர்த்ததுதான் ஜெர்மானியர் செய்த தப்பு. டச்சுக்காரர்கள் இரண்டு பொம்மை மனிதர்களைச் செய்து, கோட்டு மாட்டி, ஆஜர் எடுக்கும்போது வரிசையில் தங்களுக்கு நடுவே நிற்க வைத்தார்கள். ஓடிப்போன இருவரும் இருப்பதாகக் கணக்கு சரியாக வந்துவிடும்.

1944-இல் பில் கோல்ட்ஃபிஞ்ச், ஜாக் பெஸ்ட் முதலியவர்கள் தேவாலயத்துக்கு மேலிருந்த பரணில் பொய்ச்சுவர் எழுப்பி, அதன் பின்னால் வேலையைத் தொடங்கினார்கள். தரைப்பலகைகளில் இறக்கைச் சட்டம், மின்கம்பிகளில் கட்டுப்பாட்டு இழைகள், நீலக் கட்டம் போட்ட படுக்கைத் துணியில் உறை. துணி விறைப்பாக நிற்க, சாப்பாட்டுக்குக் கொடுத்த சிறுதானியத்தைக் காய்ச்சிப் பூசினார்கள். வேட்டிக்குக் கஞ்சி போடுவோமே, அதே வேலை! காவலர்கள் சுரங்கம் தேடித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளைடர் பறப்பதற்குள் 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து கோட்டையை மீட்டுவிட்டது. 2000-இல் அதே அளவில் ஒன்று செய்து பறக்கவிட்டார்கள், முதல் தடவையிலேயே பறந்தது. கோல்ட்ஃபிஞ்சும் பெஸ்ட்டும் கிழவர்களாக நின்று அதைப் பார்த்தார்கள்.

சொதப்பிய தந்திரம் ஏதாவது?
(காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி)

அதே கோல்டிட்ஸில் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அழகாகப் பெண் வேஷம் போட்டு, நடந்து வெளியேறப் பார்த்தார். கைக்கடிகாரம் கழன்று விழுந்தது. ஆங்கிலேயக் கைதி ஒருவர், பாவம், மரியாதைக்காக அந்த "அம்மா"வைக் கூப்பிட்டார். அவர் திரும்பாமல் நடக்கவே, கடிகாரத்தைக் கொடுக்கப் பின்னால் போன காவலர்கள் முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் கோட்டையில் நம் நாட்டுக்காரர் யாரும் இல்லையா?
(அதே காரைக்குடி வாசகி)

ஒரே ஒருவர் இருந்தார். டாக்டர் பீரேந்திரநாத் மஜும்தார், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், பிரான்சில் பிடிபட்டவர். சக கைதிகளில் பலர் அவரை நம்பவில்லை. பழுப்பு நிறத்தோடு ஜெர்மனியில் எங்கே ஒளிய முடியும் என்று சொல்லித் தப்பிக்கும் திட்டங்களிலும் சேர்க்கவில்லை. ஜெர்மானியர்கள் அவரை சுபாஷ் சந்திர போஸின் படைக்கு இழுக்கப் பார்த்தார்கள். அவர் இந்திய விடுதலையை விரும்பியவர்தான், ஆனாலும் ராணுவத்தில் எடுத்த உறுதிமொழியை மீற மறுத்துவிட்டார்.

சுரங்கமும் பொம்மையும் இல்லாமல் அவர் காந்தி வழியை எடுத்தார். இந்தியர் முகாமுக்கு மாற்றும்வரை சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்தார். ஜெர்மானியர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் பிரான்சில் இருந்த இந்தியர் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே காவல் இத்தனை கடுமை இல்லை. 1944-இல் இன்னொரு இந்தியரோடு அங்கிருந்து வெளியேறி, பிரெஞ்சு கிராமத்து மக்கள் சோறும் இடமும் கொடுக்க, நடந்தே ஸ்விட்சர்லாந்து எல்லையைத் தாண்டிவிட்டார்.