தறிச் சத்தத்துக்கு ஆடும் பையன்: பல்லடம் பக்கத்து அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அண்ணா.

காலேஜை நிறுத்திவிட்டு வேடிக்கை ஆட்டத்தையே செய்கிறேன் என்று நிற்கிற உங்கள் பையனைக் கண்டித்துத் திருத்தலாமா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய ஆடியோவை முழுதாகக் கேட்டேன். தம்பியின் வீடியோவையும் பார்த்தேன். முதலில் வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆடியோவில் காலேஜ், அரியர், சொந்தக்காரர்கள் பேச்சு, அண்ணியின் அழுகை எல்லாம் இருந்தது. அவன் என்ன ஆடினான் என்பது மட்டும் இல்லை.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தறிக்குடோனில் நிற்கிறான். சினிமாப் பாட்டு எதுவும் இல்லை. தறி ஓடுகிற சத்தம்தான் தாளம். முகத்தில் துளி சிரிப்பில்லாமல் கணக்குப் பார்க்கிற முதலாளி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காலில் மட்டும் ஆட்டம் போடுகிறான். ஊடை (குறுக்கு நூல்) அறுந்து தறி நின்றதும், ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்து போகிறான். ஆள் வந்து சரி செய்து தறியை ஓட விட்டதும், விட்ட இடத்திலிருந்து கால் கீழே இறங்குகிறது. அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். இது தற்செயலாக வந்த சேட்டையாக எனக்குத் தெரியவில்லை. எப்போது நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிரிக்க வைக்கிற ஆட்டத்தில் கற்றுக்கொடுக்கக் கஷ்டமான பகுதி அதுதான்.

ஆகவே ‘கண்டித்துத் திருத்தலாமா’ என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம். ‘காலேஜை நிறுத்திவிட்டு இதையே செய்கிறேன்’ என்று அவன் சொல்வதற்கும் என் பதில், வேண்டாம். ஒரு வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து நீங்களும் பயப்படுகிறீர்கள், அவனும் முடிவெடுக்கிறான். அந்த எண்ணிக்கை எதையும் தீர்மானிக்காது. இதே மாதிரி வேறொன்றை, அதற்கப்புறம் இன்னொன்றை, எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அவனால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் காலேஜ் முடிகிற வரை நீங்கள் தரலாம்.

நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சில உதாரணங்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர் ஜட்சன் லாய்ப்ளி. 2006 ஏப்ரலில் யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். சுமார் 6 நிமிடத்தில் பல காலத்துப் பாட்டுகளுக்கு, அந்தந்தக் காலத்து ஸ்டைலில், வேடிக்கையாக ஆடிக்காட்டுவார். கொஞ்ச காலத்துக்கு யூடியூபிலேயே அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ அதுதான். பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அவர் கல்லூரிகளிலும் கூட்டங்களிலும் மேடையேறிப் பேசுவதைத் தொழிலாக வைத்திருந்தவர். அந்த ஆட்டம் அவர் பேச்சின் கடைசிப் பகுதி. வீடியோ வருவதற்கு முன்பே வருஷக்கணக்கில் நேரில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன்னால் ஆடி, எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. வீடியோ பெரிதானபோது, கூப்பிடுகிறவர்களுக்குக் கொடுக்க அவரிடம் ஒரு முழு நிகழ்ச்சி தயாராக இருந்தது. பிறகும் அவர் மேடைப் பேச்சையே தொடர்ந்தார்.

நம் நாட்டிலேயே 2018-ல் ஒரு கல்யாண வீட்டு ஆட்டம் ஊரெல்லாம் சுற்றியது. ஆடியவர் மத்தியப் பிரதேசம் விதிஷாவைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்ரீவஸ்தவா, பொறியியல் கல்லூரி ஆசிரியர். விதிஷா நகராட்சி அவரைத் தன் விளம்பரத் தூதராக்கியது. அவ்வளவு புகழ் வந்த நேரத்தில் அவர் கையில் ஒரு வேலை இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், உங்களுக்குப் பக்கத்துத் தாராபுரத்தில் பிறந்தவர்தான் நாகேஷ். அம்மைத் தழும்பு விழுந்த முகம், ஒல்லி உடம்பு. அந்த உடம்பையே வளைத்துத் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தார். சென்னையில் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டேதான் அமெச்சூர் நாடகங்களில் நடித்தார். ஒரு நாடகத்தில் வயிற்று வலிக்காரராகச் சின்ன வேஷம். அதைப் பார்த்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். சம்பளம் வந்துகொண்டிருந்ததால் சின்ன வேஷங்களை ஏற்றுக்கொண்டு தொழில் கற்க அவருக்கு முடிந்தது. தம்பியிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது, ‘பார், அவரே வேலைக்குப் போனார்’ என்று குத்திக் காட்டுகிற மாதிரி மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவனுக்கு அவர் பிடித்தவராக இருக்கக்கூடும். அதைக் கெடுக்க வேண்டாம்.

சரி, பணம். இதில் உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை, ஏனென்றால் நீங்கள் கூலித் தறி ஓட்டுகிறவர். பாவும் நூலும் ஜவுளி முதலாளிகள் தருவது, கூலியும் அவர்கள் வைத்தது, ஆர்டர் நின்றால் தறியும் நிற்கும். யூடியூபும் இன்ஸ்டாகிராமும் தம்பிக்கு அப்படித்தான். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அதில் மட்டும் பேர் வாங்கியிருந்த நம் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போயிற்று. யூடியூபில் விளம்பர வருமானம் முழுதாகத் திறக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸ் (குட்டி வீடியோக்கள்) 1 கோடி பார்வை தொட வேண்டும். நீள வீடியோவில் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் நமக்கு. ஷார்ட்ஸில் நமக்கென்று ஒதுக்கும் தொகையில் 45 சதவீதம். சினிமாப் பாட்டைப் போட்டு ஆடினால் அதிலும் பாட்டுக்காரர்களுக்குப் பங்கு போகும். நீள வீடியோ என்றால் மொத்தமும் அவர்களுக்கே போகவும் வாய்ப்புண்டு. தறிச் சத்தத்துக்கு யாரும் உரிமை கேட்டு வர முடியாது. தம்பி தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ, சொந்தத் தாளத்தில் ஆடியது நல்ல முடிவு. அதை விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆனால் நிலையான வருமானம் பெரும்பாலும் மேடையிலிருந்துதான் வரும். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஆண்டு விழா, பள்ளி ஆண்டு விழா, கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி. அங்கெல்லாம் கேட்பது 20 நிமிஷம், அரை மணி. அவனிடம் இருப்பது 40 நொடி. இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதுதான் அடுத்த இரண்டு வருஷ வேலை.

அதற்கு நான் முதலில் சொல்வது வள்ளி கும்மி, வள்ளி கதையைப் பாடிக்கொண்டு கூட்டமாக ஆடுகிற நம் கொங்குப் பக்கத்து ஆட்டம். சிரிக்காதீர்கள் அண்ணா, மனதாரச் சொல்கிறேன். நம் பக்கத்தில் கும்மிக் குழு இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். அடி எண்ணி வைப்பதும், மணிக்கணக்கில் மூச்சு வாங்காமல் ஆடுவதும், கூட்டத்தோடு சேர்ந்து நகர்வதும் அங்கே தானாக வந்துவிடும். கூடவே பறை, ஜமாப் மேளம் அடிக்கிறவர்களோடு உட்கார்ந்து தாளம் கேட்கட்டும். முறையான நடனம் வேண்டுமென்றால் ஈரோட்டிலும் சேலத்திலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உண்டு, கோவை மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி உண்டு. பரதம் அங்கே சொல்லித் தருகிறார்கள். சேர்க்கை வயதையும் நேரத்தையும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், காலேஜ் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

‘கூத்தாடிப் பிழைப்பு’ என்று உங்கள் பங்காளிகள் பேசியதாகச் சொன்னீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 87. ஆண்கள் மட்டும் ஆடிய ஆட்டத்தில் பெண்களையும் சேர்த்தவர் அவர். இன்றைக்கு நம் ஊர்களில் கும்மி அரங்கேற்றத்துக்கு டாக்டர் வீட்டுப் பிள்ளையும் ஆடுகிறது, தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஆடுகிறது. பையனுக்குப் பொண்ணு யார் கொடுப்பார்கள் என்று அண்ணி கேட்டது நியாயமான கவலை, நான் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. நம் பக்கம் நிலையான வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கையில் ஒரு பட்டமும் மாதாமாதம் காட்ட ஒரு கணக்கும் இருந்தால், ஆடுகிற பையன் என்பது குறையாக நிற்காது.

பட்டம் என்றதும் அவன் முகம் சுருங்கும். அவனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் சேர ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், அவன் படிக்கிற மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் செல்லும். கூடவே குறைந்தது 6 நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் கேட்கிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் இருப்பதும் பட்டத்துக்குப் பிறகான படிப்புதான். உடம்பால் நடிப்பதை வருஷக்கணக்கில் சொல்லித் தருகிற இடங்களுக்கு, அவன் விட்டுவிடத் துடிக்கிற அந்தப் படிப்புதான் நுழைவுச் சீட்டு. இரண்டாம் வருஷம் முடியப்போகிறது. மீதி நாலு செமஸ்டர். இருக்கிற அரியரை முடிக்க ஒரு நாள் கணக்குப் போடுங்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சைக்கே சிக்கல் வரும், ஆகவே வெளியூர் ஷூட்டிங் எல்லாம் சனி, ஞாயிறில் மட்டும். உண்மையாகவே பெரிய வாய்ப்பு ஒன்று வந்து நேரம் போதாமல் போனால், டி.சி. வாங்க ஓடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் அனுமதி பெற்றுத் தற்காலிகமாகப் படிப்பை நிறுத்தி, பிறகு சேர இடமுண்டு. துறைத் தலைவரைப் பார்த்து உங்கள் கல்லூரியில் எப்படி என்று கேளுங்கள்.

இனி, உடனே பேச வேண்டியவை. ஓடுகிற தறிகளுக்கு நடுவில் அவன் ஆடுகிறான். தறிக்குள் ஓடுகிற நாடா எகிறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளட்டும், ஆடும்போது பக்கத்துத் தறிகள் நிற்கட்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. அப்புறம், பின்னால் வேலை செய்கிற ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவர்களைக் கேட்டுத்தான் எடுத்தானா? இனிமேல் கேட்கட்டும். பணம் வந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு போகட்டும். அடுத்த வீடியோவில் பெண் வேஷம் போடப் போவதாகச் சொன்னானாம். போடட்டும், ஆனால் சிரிப்பு யாரைப் பார்த்து வருகிறது என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். இதுவரை அவன் தன்னைத்தான் வேடிக்கையாக்கியிருக்கிறான், அதனால்தான் குடோன் ஆட்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

பேர் வந்த பிள்ளைகளை முதலில் தேடி வருவது ரம்மி, பெட்டிங் செயலிக்காரர்கள்தான். கையில் காட்டுகிற தொகை கண்ணைப் பறிக்கும். 2025-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப்படி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். எவ்வளவு தந்தாலும் முடியாது என்று முதலிலேயே அவனோடு பேசி வையுங்கள். மற்ற விளம்பரம் எது செய்தாலும் விளம்பரம் என்று வீடியோவிலேயே போட வேண்டும். ஒரு கம்பெனி வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தாலும் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. அவன் பேரில் பான் கார்டு, தனி பேங்க் கணக்கு, உங்கள் ஆடிட்டரிடம் ஒரு பேச்சு, இவ்வளவும் இந்த மாசமே முடித்துவிடுங்கள். சினிமா சான்ஸ் வாங்கித் தருகிறேன், முதலில் இவ்வளவு கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

கமெண்ட்டுகளை அவன் ராத்திரி இரண்டு மணி வரை படிக்கிறான் என்றீர்கள். நிறத்தையும் உடம்பையும் வைத்துச் சிலர் எழுதியிருப்பதை நானும் பார்த்தேன். இருபது வயதுப் பையன் தனியாக உட்கார்ந்து படிக்கிற விஷயம் அது இல்லை. நீங்கள் திட்டுவீர்கள் என்று பயந்தால் அவன் வீட்டில் இதைப் பேச மாட்டான். ஆகவே இந்த வாரம் ஒரு நாள், குடோனிலேயே, ஆட்கள் டீ குடிக்கிற நேரத்தில், உங்கள் முன்னால் அவனை ஆடச் சொல்லுங்கள். கேமரா வேண்டாம். இதுவரை அவன் ஆட்டத்தை நேரில் பார்த்ததே இல்லை என்று ஆடியோவில் நீங்களே சொன்னீர்கள். கூச்சத்தில் பாதியில் நிறுத்துகிறானா, ஆட்கள் சிரிக்கச் சிரிக்க நீட்டுகிறானா என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சொன்னால், அடுத்து என்ன என்று பேச நம் இரண்டு பேருக்கும் ஏதாவது கையில் இருக்கும்.

கோயமுத்தூர் ஏஜென்சி ஒன்று 3 வருஷ ஒப்பந்தம் அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். அதில் கையெழுத்துப் போட வேண்டாம், கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டாம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் ஆபீஸில் இருப்பேன். தாளை எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டி வாருங்கள், தெரிந்த வக்கீல் ஒருவரையும் அந்த நேரத்துக்கு வரச் சொல்கிறேன். அண்ணியும் வந்தால் நல்லது.