தோழி கற்பனை, போர்க்கப்பல் நிஜம்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படிக்கிறோம். இந்த மாதம் சீனாவில் நடக்கும் ஒரு சரித்திர நாவல். எழுத்தாளர் பெர்ல் பக்கும் ஒரு சீனப் பெண்ணும் சின்ன வயதிலிருந்து கடைசிவரை தோழிகளாக இருக்கும் கதை. "அப்படி ஒரு தோழியே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை" என்கிறார் ஒருவர். கலந்துரையாடலை நான்தான் நடத்த வேண்டும். நிஜத்தையும் கற்பனையையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது?

பதில்: இந்த மாதிரி நாவல்களில் உயிர்த்தோழி பெரும்பாலும் நாவலாசிரியர் படைத்தவள்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள், சண்டை பாதி குறையும். நீங்கள் சரிபார்க்க வேண்டியது தோழியை அல்ல, அவளைச் சுற்றி நடப்பதை.

ஒரு தாளில் பெர்ல் பக்கின் வாழ்க்கை வருடங்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறந்தது 1892, அமெரிக்காவில். சில மாதக் குழந்தையாக மிஷனரிப் பெற்றோருடன் சீனா போனார். வளர்ந்தது யாங்சே கரையிலுள்ள ஜென்ஜியாங். (பழைய நூல்களில் சிங்கியாங் என்றிருக்கும்; மேற்குக் கோடியிலுள்ள சிஞ்சியாங் வேறு. போன வருடம் ஒரு குழு தப்பான வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசியது!) 1934-ல் சீனாவை விட்டார், 1938-ல் நோபல் பரிசு, 1973-ல் மரணம். கவிஞர் சூ ஜீமோவோடு காதல் என்று நாவலில் வந்தால், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டு நகருங்கள். அவர் 1931-ல் விமான விபத்தில் இறந்தது மட்டும் உறுதி.

தோழிக்கு வேறு கேள்விகள். அவள் பாதம் கட்டப்பட்டதா, அதாவது சின்ன வயதிலேயே வளரவிடாமல் துணியால் இறுக்கிக் கட்டினார்களா? அந்தத் தலைமுறைப் பெண்களிடம் அந்த வழக்கம் பரவலாக இருந்தது. 1902-ல் அரச ஆணையும் 1912-ல் குடியரசின் தடையும் வந்தும் உடனே ஒழியவில்லை. இரண்டு சிறுமிகளும் ஒன்றாக மலையேறி ஓடினால் ஆசிரியர் இதற்கு என்ன சமாதானம் சொல்கிறார் என்று பாருங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த இருவரும் ஒரே தெருவில் இருந்தாலும் ஒரே சட்டத்தின் கீழ் இல்லை. ஜென்ஜியாங் துறைமுகத்தை வெளிநாட்டாருக்குத் திறந்துவிட்டது சீனா மேற்கத்திய நாடுகளோடு செய்த 1858-ன் தியான்ஜின் ஒப்பந்தம். அன்று சீனாவில் ஓர் அமெரிக்கர் குற்றம் செய்தால் சீன நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அந்தச் சலுகையை அமெரிக்கா கைவிட்டது 1943-ல்தான். 'நட்புக்கு நாடு ஏது' என்று உருகும் நாவல்கள் இந்த இடத்தில் நழுவுவது எனக்கு எரிச்சல் தரும்.

1927 மார்ச்சில், பெர்ல் அப்போது வசித்த நான்ஜிங் நகரில் அது வெட்டவெளிச்சமானது. கோமிண்டாங் என்ற தேசியவாதக் கட்சியின் படை நகருக்குள் வந்ததும் வெளிநாட்டார் வீடுகள் சூறையாடப்பட்டன, சிலர் கொல்லப்பட்டார்கள். பெர்ல் குடும்பத்தைத் தன் குடிசையில் ஒளித்து வைத்தது முன்பு அவர் உதவியிருந்த ஓர் ஏழைப் பெண். இது கற்பனை இல்லை. ஆற்றில் நின்ற அமெரிக்க, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் குண்டு வீசிய பிறகு வெளிநாட்டார் கப்பலேறித் தப்பினார்கள். குடிசைக்காரிக்குக் கப்பல் கிடையாது.

1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு இந்த இடைவெளி இன்னும் கொடுமையாகிறது. மாவோ தொடங்கிய கலாச்சாரப் புரட்சியின்போது வெளிநாட்டுத் தொடர்பே ஒருவரை உளவாளி ஆக்கிவிடும். அதனால் நாவலில் தோழி, பெர்ல் எழுதிய கடிதத்தை எரித்தால் நட்பு முறிந்தது என்று அவசரப்பட வேண்டாம். பெர்லுக்கும் கதவு மூடியேதான் இருந்தது. அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போன 1972-ல் பெர்லும் விசா கேட்டார். புதிய சீனாவின் மக்களையும் தலைவர்களையும் அவதூறு செய்தவர் என்று மறுத்துவிட்டார்கள். மறு வருடம் இறந்தார். கல்லறையில் அவர் பெயர் சீன எழுத்தில்தான் இருக்கிறது.

நேரம் போதாவிட்டால் 1927 அத்தியாயத்தை மட்டும் யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம், கப்பல் போன மறுநாள் காலை அந்தக் குடிசையில் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். கட்டுக்கதை என்ற நண்பரிடமே முதலில் கேட்கலாம்.