வாசகர் கேள்வி – தொழில்நுட்பப் பதில்கள்

கேள்வி: தேர்த் திருவிழாவில் கைப்பேசியில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் 5 மெகாபைட் இருக்கின்றன. 72 டிபிஐ என்று மாற்றிச் சேமித்தும் அளவு குறையவில்லை. தரத்தைக் குறைத்தால் கோபுரச் சிற்பங்கள் கலங்கிவிடுகின்றன. முகநூலில் பகிர என்ன செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: டிபிஐ என்பது காகிதத்தில் அச்சிடும்போது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் விழவேண்டும் என்பதற்கான குறிப்பு மட்டுமே. திரையில் பார்க்கும் படத்துக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை. ஆகவே அதை விட்டுவிடுங்கள். நீங்கள் கவனிக்கவேண்டியது பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் நிறப் புள்ளிகளின் எண்ணிக்கையைத்தான். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் ஏறத்தாழ 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்டது, அதாவது 1.2 கோடிப் புள்ளிகள். முகநூல் ஏற்கும் பெரிய அளவான 2048 பிக்சல் அகலத்துக்கு அதைச் சுருக்கினால், நீள அகல விகிதம் மாறாமல் உயரம் 1536 ஆகி, புள்ளிகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். கோப்பின் எடையும் அதற்கேற்ப இறங்கும்.

சிற்பங்கள் கலங்குவதற்குக் காரணம், பிக்சலைக் குறைக்காமல் தரத்தை மட்டும் குறைத்ததே. படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) முறை, படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகளைத்தான் முதலில் கைவிடுகிறது. வெறும் வானத்தில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. சுதைச் சிற்பங்கள் நெருக்கமாக நிற்கும் கோபுரத்திலோ உடனே தெரிந்துவிடும். எனவே முதலில் பிக்சலைச் சுருக்கி, கூர்மையைச் சற்றே கூட்டி, அதன்பிறகு தர அளவை 80 முதல் 85க்குள் வைத்துச் சேமியுங்கள். சுருக்கிய படத்தையே மறுபடி திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும் என்பதால், எப்போதும் மூலப் படத்திலிருந்தே தொடங்கி, புதிய பெயரில் சேமிக்கவேண்டும். மூலத்தின்மேல் எழுதிவிட்டால் இழந்த புள்ளிகளை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது.

கேள்வி: வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள். நான் மாற்றினால் முகம் ஒடுங்கிவிடுகிறது.
– வாசகி, விருதுநகர்

பதில்: நீள அகல விகிதம் மாறாதபடி பூட்டாமல் இரண்டு எண்களையும் நேராக இட்டிருக்கிறீர்கள். முதலில் முகமும் தோளும் அடங்குமாறு 2000க்கு 2300 என்ற அளவில் படத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அதைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் கேட்ட அளவு சரியாக வந்துவிடும், முகமும் இயல்பாகவே இருக்கும். இவ்வளவு சிறிய படம் சில சமயம் 20 கிலோபைட்டுக்கும் கீழே போய், விண்ணப்பத்தில் ஏறாமல் நின்றுவிடும். அப்போது மூலத்திலிருந்து மீண்டும் தொடங்கி, தர அளவை 95க்கு மேல் உயர்த்திச் சேமியுங்கள். இந்த வேலைக்குக் கணினியில் இர்ஃபான்வியூ போன்ற இலவச மென்பொருளே போதும். படத்தையும் கையெழுத்தையும் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இணையதளங்களில் ஏற்றிச் சுருக்குவதை நான் சிறிதும் விரும்பவில்லை. அவை இரண்டும் ஒருசேரப் பிறர் கையில் சிக்கினால், உங்கள் பெயரில் வேறொருவர் விண்ணப்பிக்கவும் வழி பிறக்கும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த குடும்பப் படத்தைப் பெரிதாக அச்சிட்டால் மங்கலாக வருகிறது. ஏன்?
– வாசகர், காரைக்குடி

பதில்: வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைத் தானே சுருக்கித்தான் அனுப்பும், அச்சுக்கு வேண்டிய புள்ளிகள் அதில் மிஞ்சியிருப்பதில்லை. அனுப்பியவரிடம் அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வருவது மூலக் கோப்பேதான். ஆனால் அதில் படம் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், வெளியாருக்கு அனுப்புவதாக இருந்தால் அதை நீக்கிவிட்டு அனுப்புவது நல்லது.