பழைய டர்போ பெட்ரோல் கார் பூஸ்ட் ஏறும்போது திணறுகிறது, டர்போவை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஐடிலிங் சீராக இருக்கிறது, மெதுவாகப் போனால் குறையே இல்லை, ஆக்சிலேட்டரை அழுத்தி பூஸ்ட் (டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறும்போது மட்டும் இழுக்காமல் திணறுகிறது என்கிறீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது டர்போவை அல்ல, பெட்ரோல் போதாமல் போவதைத்தான்.

ஒரு வேண்டுகோள். காரணம் தெரியும்வரை வண்டியை அழுத்தி ஓட்டவே வேண்டாம். டர்போ காற்றைத் திணிக்கும் நேரத்தில் அதற்கு ஈடான பெட்ரோல் வராவிட்டால் எஞ்சினில் நாக்கிங் வரும், அதாவது சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும். டர்போ இல்லாத எஞ்சின் அதைக் கொஞ்சம் தாங்கும். இதில் பிஸ்டனே உருகிவிடலாம்.

என் வண்டியிலும் இதே தொல்லை இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டரை மாற்றினார்கள், அப்புறம் பம்ப்பையும் மாற்றினார்கள். திணறல் அப்படியே இருந்தது. நின்ற வண்டியில் பெட்ரோல் அழுத்தம் பார்த்தால் சரியாகவே காட்டியது. கடைசியில் பெட்ரோல் பிரஷர் கேஜை நீளமான ஹோஸில் இணைத்து, முன்கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஓட்டினோம். விஷயம் அப்போதுதான் பிடிபட்டது.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஒரு முனையில் பெட்ரோலின் அழுத்தம், மறுமுனையில் மானிஃபோல்டின் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின்) அழுத்தம். பூஸ்ட் ஏறினால் அது பெட்ரோலை எதிர்த்துத் தள்ளும். அதனால்தான் இந்த வகைப் பழைய வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு மானிஃபோல்டிலிருந்து ஒரு வேக்குவம் ஹோஸ் போகிறது. பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ பெட்ரோல் அழுத்தமும் அவ்வளவு ஏற வேண்டும். அந்த ஹோஸைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டுப் பார்த்தபோது என் வண்டியில் பெட்ரோல் அழுத்தம் 3 பார் (பார் என்பது அழுத்த அலகு). 0.7 பார் பூஸ்டில் 3.7 வந்திருக்க வேண்டும். முள் 2.6-க்கு இறங்கியது. உடனே காலை எடுத்துவிட்டேன்.

புது பம்ப் ஏன் தளர்கிறது? பம்ப்பின் கனெக்டரிலேயே மல்டிமீட்டர் வைத்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப்பில் 10.8. கனெக்டரின் ஒரு முனை கருகியிருந்தது, எர்த் ஒயரில் பச்சை பூத்திருந்தது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், தனி ரிலேயுடன் தடித்த ஒயர் இழுத்து, எர்த்தையும் புதிதாகப் போட்டதும் திணறல் நின்றது. பழைய வண்டியில் பம்ப் வாங்குவதற்கு முன் இந்த வோல்டேஜைப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

உங்கள் வண்டியில் அழுத்தம் சரியாக ஏறுகிறது என்றால் புகையைக் கவனியுங்கள். கரும்புகை என்றால் காற்றுக்கசிவாக இருக்கலாம். ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது) உள்ள வண்டியில் டர்போவுக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கும் இடையே ஹோஸ் கிழிந்தால், அளந்த காற்று வெளியே போய்விடும். எஞ்சினின் கணினியான ஈசியூ அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், வெடிப்பு பெரும்பாலும் கண்ணில் படாத பக்கம்தான் இருக்கும். கிளிப்புகளை இறுக்குங்கள்.

ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்தும் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது. ரெகுலேட்டரை மாற்றியாக வேண்டும்.

ஸ்பார்க் பிளக் இடைவெளி அகன்றிருந்தாலும் பூஸ்டில் மட்டும் மிஸ்ஸிங் வரும். அழுத்தம் கூடக்கூட பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவை. மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பெட்ரோல் லைனைத் தொடும் முன் எஞ்சின் நன்றாக ஆறட்டும். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, தானே அணையும்வரை எஞ்சினை ஓடவிட்டால் அழுத்தம் இறங்கும். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். விறைத்துப்போன பெட்ரோல் ஹோஸ் கண்ணில் பட்டால் அன்றைக்கே மாற்றுங்கள், இன்ஜெக்ஷன் அழுத்தம் தாங்கும் ஹோஸாகவே வாங்குங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் டர்போவுக்கு வாருங்கள். காற்று நுழையும் குழாயைக் கழற்றி ஷாஃப்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆடினால், அல்லது இறக்கை சுவரில் உரசிய தடம் தெரிந்தால், அப்போது மாற்றுங்கள்.