கைக்காசைப் போட்டு ஃபீல்டுக்குப் போகாதீர்கள்

கேள்வி: எனக்கு 27 வயது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்து மூன்று வருடமாகப் பென்னாகரம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் வேலை. சம்பளம் 22,000, டி.டி.எஸ். என்ற வரிப் பிடித்தம் போக 19,800 கைக்கு வருகிறது. கிரெடிட் கார்டில் 84,000 நிலுவை, மாதாமாதம் மினிமம் கட்டுகிறேன். தோழி சொன்னதால், சிறிய கம்பெனிகளின் பங்குகளில் போடும் ஸ்மால் கேப் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 3,000 எஸ்.ஐ.பி. போடுகிறேன், 41,000 சேர்ந்திருக்கிறது. அதை 5,000 ஆக்கலாமா? ஓசூரில் ஒரு கம்பெனியில் 28,000-க்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் இந்த வேலையை விட மனசு வரவில்லை.

பதில்: நீங்கள் அனுப்பிய ஆறு மாத கார்டு ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்தேன். ஊதாரிச் செலவு ஒன்றுகூட இல்லை. பெட்ரோல், ஜெராக்ஸ், மாலை வகுப்புக்குச் சுண்டல், தாய்மார் கூட்டத்துக்கு டீ. கார்டை யு.பி.ஐ.யில் இணைத்திருப்பதால் டீக்கடை வரை அதில்தான் போயிருக்கிறது. மாதம் 6,000 ரூபாய் பிராஜெக்ட் செலவை நீங்கள் சுமக்கிறீர்கள். நாலு மாதம் கழித்து நிறுவனம் தரும் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது. இந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். மாதம் 3.5% வட்டி, 84,000-க்கு 2,940. வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 3,470. நீங்கள் கட்டும் 4,200-ல் அசலுக்குப் போவது எழுநூற்றுச் சொச்சம். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் டீக்கும் அன்றைக்கே வட்டி ஓடும். வருடத்துக்கு 42% வட்டி கட்டிக்கொண்டு எஸ்.ஐ.பி.யைக் கூட்டலாமா என்று கேட்கிறீர்களே! ஸ்மால் கேப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறார்கள். அது விழும் வருடங்களில் எப்படி விழும் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்துங்கள். இருக்கும் 41,000-ஐ எடுத்துக் கார்டில் கட்டுங்கள். மீதி 43,000-க்கு உங்கள் செயினை வங்கியில் வைத்து நகைக்கடன் வாங்குங்கள். 10% வட்டி என்றாலும் மாதம் 360 ரூபாய்தான். நிறுவனம் தரவேண்டிய 24,000 வந்ததும் நேராக அதில் கட்டுங்கள். எஸ்.ஐ.பி.க்கும் மினிமத்துக்கும் போன 7,200 இருக்கிறதே, அதை வைத்து மூன்று மாதத்தில் செயினை மீட்டுவிடலாம். கார்டை யு.பி.ஐ.யிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் ஒரு இடம் என்னை உறுத்தியது. நிறுவனத்துக்கு நிதி வருவதற்குள் பெட்ரோல் பங்க் பில்லில் எழுத்து மங்கி, அக்கவுன்டன்ட் அதை வெற்றுத் தாள் என்று திருப்பித் தந்தார், 1,100 ரூபாய் போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். இனி பில் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு மெயில் அனுப்புங்கள்.

அப்புறம் இயக்குநருக்கு ஒரு கடிதம்: மாதத் தொடக்கத்தில் 6,000 முன்பணம் வேண்டும், பில் கொடுத்தபின் அடுத்தது. அவருக்கும் நெருக்கடி உண்டு. 2020-ல் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு வரம்பை 50%-லிருந்து 20% ஆக்கிவிட்டார்கள். அலுவலகம் திணறுவது உண்மைதான். ஆனால் பத்து ஃபீல்ட் பணியாளர்களுக்கு முன்பணம் தர 60,000 சுழல் நிதி போதும். அதைச் செய்யாமல், இளைஞர்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை, வருடத்துக்கு நாலு பேர் ஓடிவிடுகிறார்கள் என்று வருந்துவது நியாயமில்லை. குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்துத்தான் வருகிறார்கள். நிறுவனத்துக்குக் கடன் கொடுக்க அல்ல.

இன்னொன்று. உங்களைக் ‘கன்சல்டன்ட்’ என்று எழுதி 10% டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். வருடத்துக்கு 26,400. உங்கள் வருமானத்துக்கு வரியே கிடையாது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முழுதும் திரும்ப வரும். மார்ச்சில் முடிந்த கணக்குக்கு அதே வருடம் டிசம்பர் 31 தாண்டினால் வாங்குவது பெரும்பாடு. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் உங்களுக்கு பி.எஃப். இல்லாததும் இந்தப் பெயரால்தான். 15,000 அடிப்படையில் நிறுவனப் பங்கு மட்டும் மாதம் 1,800. மூன்று வருடத்தில் 64,800 ரூபாய். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஊழியராக எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

ஓசூரில் அறை வாடகை, மெஸ் என்று 9,000 போனால் மிஞ்சுவது 19,000. வீட்டிலிருந்து போய்வரும் இப்போதைய சம்பளத்தைவிட அது அதிகமில்லை. அதனால் ஓசூர் கம்பெனியிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். அடுத்த மாதம் முதல் தேதி முன்பணம் கைக்கு வந்தால் இருங்கள். வராவிட்டால் ஓசூருக்குக் கிளம்புங்கள்.