பிடிவாதம்: கேள்வி பதில்

கேள்வி: ஜெயித்தால் விடாமுயற்சி, தோற்றால் பிடிவாதம். அவ்வளவுதானே சார் வித்தியாசம்?

பதில்: ஊர் அப்படித்தான் பேசும். நான் பார்ப்பது வேறு. "எதைக் காட்டினால் மனதை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று ஆளிடம் கேட்டுப் பாருங்கள். உறுதியானவர் யோசித்து ஏதாவது ஒன்றைச் சொல்வார். பிடிவாதக்காரருக்குக் கோபம்தான் வரும்.

கேள்வி: நன்றாகப் படித்தவர்களும் இப்படி இருப்பார்களா?

பதில்: அவர்களுக்கு வாதத் திறமை வேறு இருக்கிறதே! 1935 ஜனவரி, லண்டன், ராயல் வானியல் கழகக் கூட்டம். எரிந்து முடிந்த நட்சத்திரம் ஓர் எல்லைக்கு மேல் எடை கொண்டிருந்தால் வெண்குறுமீனாக, அதாவது சுருங்கி அடங்கிய சிறு நட்சத்திரமாக, நிலைக்காது என்று கணக்கோடு வந்தார் சுப்ரமணியன் சந்திரசேகர். வயது 24. இன்றைய கணக்கில் அந்த எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அடுத்துப் பேசிய பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் கணக்கின் அடிப்படையே தவறு என்றார். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குச் சான்று தேடிக் கொடுத்தவர்! 1944இல் இறக்கும்வரை இதில் அவர் இறங்கி வரவில்லை. சந்திரசேகரும் தன் முடிவை விடவில்லை, சண்டையை மட்டும் விட்டார். எல்லாவற்றையும் 1939இல் ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். நோபல் பரிசு 1983இல் வந்தது.

கேள்வி: இரண்டரை வயது மகள் சட்டை போடமாட்டேன் என்று தரையில் புரள்கிறாள். நாலு வைத்தால் சரியாகும் என்கிறார் மாமியார்.

பதில்: அடிக்காதீர்கள். தனக்கென்று ஒரு விருப்பம் உண்டு என்பது அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது. "நீலமா, மஞ்சளா?" என்று இரண்டைக் காட்டுங்கள்; போடுவதா வேண்டாமா என்பதைக் கேள்வியாக்க வேண்டாம். அப்புறம், கடையில் மிட்டாய்க்கு அழும்போது கால்மணி நேரம் மறுத்துவிட்டுக் கடைசியில் வாங்கிக் கொடுப்பீர்களே, அதுதான் வினை. எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுக்கிறீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. கைத்தடியைத் தொடமாட்டேன் என்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

பதில்: எத்தனை பேர் சொல்கிறீர்கள்? அங்கேதான் சிக்கல். தன் சுதந்திரத்தைப் பிறர் பறிக்கிறார்கள் என்று தோன்றினால் மனிதர் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போவார். உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். ஒரு மாதம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். தடி வைத்து நடக்கும் நண்பர் இருந்தால் அவரோடு கோயிலுக்கு அனுப்புங்கள். வாங்குவதானால் அவரே கடையில் தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: நான் பிடிவாதக்காரனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: "நீ சொன்னதுதான் சரி" என்று கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? ஞாபகம் வரவில்லை என்றால் வீட்டில் கேளுங்கள்.